பார்த்துவிட்டு வந்த ஏரி

காலையில் ஏரியில் பெடல் போட், மதியத்துக்குமேல் வட்டக்கானல் வழியாக டால்பின் நோஸ் வரை நடை, இருட்டுவதற்குள் பைன் காட்டில் நாலு படம். சமவெளியில் வாழும் நம் குடும்பங்களுக்குக் கொடைக்கானல் என்றால் இதுதான். அப்பா கூட்டிப்போனார், நாம் நம் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறோம். இத்தனை காலம் போய்வந்த வீட்டுக்கு நாம் என்ன முறை செய்தோம் என்று கேட்டால், சொல்ல ஒன்றுமில்லை.

அந்த ஏரி எப்படி வந்தது என்றுகூட நாம் விசாரித்ததில்லை. மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-ல் ஓர் ஓடையை மறித்துக் கட்டிய ஏரி அது. சுமார் 60 ஏக்கர். நட்சத்திர வடிவம் என்று பிள்ளைகளுக்குக் காட்டுகிறோமே, அந்த நட்சத்திரத்தின் ஒவ்வொரு கையும் ஒரு பள்ளத்தாக்குக்குள் நீள்கிறது. சரிவில் பெய்யும் மழை அந்தக் கைகள் வழியாகத்தான் ஏரிக்கு வருகிறது. சரிவில் எது கிடந்தாலும் அதுவும் கூடவே வரும்.

அந்தச் சரிவில்தான் நமக்கு ரூம் வேண்டும் என்றோம். ஜன்னலைத் திறந்தால் ஏரி தெரிய வேண்டும் என்றோம். கேட்டவர்களுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். போய் இறங்கியதும் வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டோம். குளித்த தண்ணீர் எங்கே போகும் என்று கேட்கவில்லை. கழிவுநீர் ஏரியில் கலக்கிறது என்ற புகார் நேற்று வந்ததல்ல. செய்தித்தாளில் படித்துவிட்டு அடுத்த மே மாதம் அதே சரிவில் ரூம் தேடியவர்கள் நாம்.

நடைபாதைக்கு வருவோம். டால்பின் நோஸுக்கு இறங்கும் வழியில் மர வேர்கள்தான் படிக்கட்டு. லட்சக்கணக்கான செருப்புகள் மிதித்து மண் போய்விட்டது. வேரின் பட்டை தேய்ந்து வழவழவென்று மின்னுகிறது. இரண்டு வேர்களுக்கு நடுவே மண் இருந்த இடத்தில் சிப்ஸ் பாக்கெட், தண்ணீர் பாட்டில் மூடி, பிள்ளையின் ஜூஸ் ஸ்ட்ரா. பக்கத்திலேயே சோலை நிற்கிறது. மழையைப் பாசியிலும் சருகிலும் பிடித்துவைத்து, வெயில் காலத்திலும் ஓடையாக விட்டுத்தரும் காடு அது. அதைத் திரும்பிப் பார்க்காமல், ஆங்கிலேயர் காலத்தில் நட்டு வளர்த்த பைன் தோப்பில் போய் நின்று படம் எடுத்து, இயற்கை என்று எழுதிப் போடுகிறோம். மலைக்குச் சொந்தமான காட்டையும் கொண்டுவந்து நட்டதையும் பிள்ளைக்குப் பிரித்துச் சொல்ல நமக்கே தெரியவில்லையே, அது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

2024 மே 7 முதல், நீதிமன்ற உத்தரவுப்படி, கொடைக்கானலுக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. நாம் முணுமுணுத்தோம். மலை எவ்வளவு வண்டி தாங்கும் என்று நாமாக யோசித்திருந்தால் நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்காது.

இவை எல்லாவற்றையும்விட நெஞ்சை அறுப்பது பாதரசம். நாம் படகு விட்டுக்கொண்டிருந்த ஊரில், பாம்பார் சோலைக்கு மேலே, 1980-களிலிருந்து தெர்மாமீட்டர் ஆலை ஓடியது. உள்ளே உடைந்த கண்ணாடியையும் சிந்திய பாதரசத்தையும் கையாண்டவர்கள் உள்ளூர்த் தொழிலாளர்கள். 2001-ல் அதே ஊரின் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் கிடந்ததை ஊர்க்காரர்களும் சூழலியலாளர்களும் வெளியே கொண்டுவந்தார்கள். ஆலை மூடப்பட்டது. ஏரியின் நீரிலும் வண்டலிலும் மீனிலும் பாதரசம் இருப்பதை 2006-ல் வெளியான ஆய்வு பதிவு செய்தது. அந்த வருஷமும் கரையில் சுடச்சுட பஜ்ஜி தின்றுவிட்டுப் படகுக்கு வரிசையில் நின்றோம். 2015-ல் இதைப் பற்றிய ஒரு ராப் பாட்டு உலகம் முழுக்கச் சுற்றி வந்த பிறகுதான் நம்மில் பலருக்கு விஷயமே தெரிந்தது. ஆலை நிறுவனத்துக்கும் தொழிலாளர்களுக்கும் உடன்பாடு ஏற்பட்டது 2016-ல். ஆலை மூடிப் பதினைந்து வருஷம்! அதற்குள் செத்துப்போனவர்களின் குடும்பங்கள் அதே ஊரில், நாம் இறங்கும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வாழ்ந்துகொண்டிருந்தன. கேரட்டும் சாக்லேட்டும் பேரம் பேசி வாங்கிய நாம் அவர்களை நலம் விசாரிக்கவில்லை.

ஆலைக்குக் கீழே, பாம்பார் சோலை வழியாக ஓடும் பாம்பாறு மலையோடு நின்றுவிடுவதில்லை. கும்பக்கரை அருவியாக விழுந்து, பெரியகுளம் பக்கம் இறங்கி, வைகையில் சேர்கிறது. பிள்ளைகளை அந்த அருவியில் குளிக்கவைத்தவர்களும் நாம்தான். ஆலை வளாகத்து மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்ய வேண்டும் என்ற வழக்காடல் வருஷக்கணக்கில் இழுத்தது. கொடைக்கானல்காரர்கள் அதில் விடாமல் நின்றார்கள். தேனியும் மதுரையும் அவர்களுக்குப் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். கீழே ஓடிவரும் தண்ணீரைக் குடிப்பவர்கள் நாம். அந்த மண்ணில் எத்தனை மில்லிகிராம் பாதரசத்தை விட்டுவைக்கலாம் என்று முடிவானபோது, நம் வீட்டுப் பேச்சில் அது ஒருநாளும் வரவில்லை.