வாயில்லா நோயாளிக்கு மருத்துவர் தேர்தல்

இக்கட்டுரையின் தலைப்பைக் கேட்ட விடுதி நண்பர் ஒருவர், "நாய்க்கும் பூனைக்கும் மருத்துவர் தேடுவது ஓர் ஆராய்ச்சியா?" என்று நகைத்தார். ஓராண்டிற்கு முன்னராயின் அந்நகைப்பில் யானும் கலந்திருப்பேன், இன்று இயலவில்லை. நகரத்தில் வீட்டுப்பிராணி வளர்ப்போர் அதற்கு நோய் வருமுன்னரே மருத்துவரைத் தேர்ந்து வைத்தல் வேண்டும் என்பதும், அத்தேர்வில் கட்டடத்தின் பொலிவை நோக்காது மருத்துவர் நம்மைக் கேட்கும் கேள்விகளையே அளவுகோலாகக் கொள்ளுதல் வேண்டும் என்பதும் என் கருத்து. இது நூலிற் கற்றதன்று. ஒரு நாய்க்குட்டியை இழந்து கற்றது.

எம் ஊர் திருநெல்வேலிச் சீமையில் ஒரு சிற்றூர். ஆங்கு அரசினர் கால்நடை மருந்தகம் ஒன்றே உண்டு. ஆதலின் தேர்வு என்னும் பேச்சுக்கே இடமில்லை. மாடும் ஆடும் வரிசையாய் நிற்குமிடத்து நாயைத் தூக்கிக்கொண்டு நிற்பவனைக் கண்டால் பிறர் முறுவலிப்பர். நம் முன்னோரும் மாட்டு வாகடம், குதிரை வாகடம் என்றே நூல் செய்தனர். ஏருக்கும் போருக்கும் உதவிய உயிர்கள் அவை. நாயும் பூனையும் திண்ணையோரத்திற் கிடந்து தாமே பிழைத்தன, அல்லது தாமே மாண்டன. சென்னையிலோ நிலைமை வேறு. பெருந்தெருவொன்றில் நடந்தால், பிராணிகளுக்கு மருத்துவமும் உணவும் நீராட்டும் முடிதிருத்தலும் ஒருங்கே தருவதாக விளம்பும் பலகைகள் இரண்டு மூன்றேனும் கண்ணிற்படும். ஒன்றே இருந்தபொழுது இல்லாத இடர், பல இருக்கும்பொழுது தோன்றுகிறது. பலகையை நோக்கித் தேர்கின்றோமேயன்றிப் பலகைக்குப் பின்னிருப்பாரை நோக்குகின்றோமல்லேம்.

சென்ற ஆண்டு டிசம்பர் மாதம் நிகழ்ந்ததைக் கூறுவேன். பெரம்பூரில் உள்ள என் அத்தை வீட்டில் கறுப்பன் என்னும் நாட்டு நாய்க்குட்டி ஒன்று வளர்ந்தது. பிறந்து பத்து வாரமிருக்கும். ஏழாம் வாரத்தில் முதல் தடுப்பூசி போடப்பெற்றது. இரண்டாவதற்குரிய நாளைக் குறித்துவைத்துக் கொண்டுசெல்லும் பொறுப்பை அத்தை என்னிடம் ஒப்பித்திருந்தார்கள். யானோ கீத பவனி ஒத்திகையில் அதனை மறந்தேன். ஒரு வியாழக்கிழமை இரவு கறுப்பன் உணவைத் தொடாது மூலையிற் சுருண்டது. நள்ளிரவிற்குள் பன்முறை வாந்தியெடுத்தது. அப்பொழுதுதான் நாங்கள் மருத்துவரைத் தேடத் தொடங்கினோம். கைப்பேசியில் மிகுதியான விண்மீன்களைப் பெற்றிருந்த இடம் ஒன்றைத் தேர்ந்து ஆட்டோவில் விரைந்தோம். விண்மீன்கள் நள்ளிரவில் ஒளிர்ந்தன, மருத்துவர்தாம் அங்கில்லை. பளிங்குத் தரையும், குளிரூட்டிய அறையும், அலமாரி நிறைய வாசனைச் சவர்க்காரங்களும் இருந்தன. பணியாள் ஒருவர் தொலைபேசியில் யாருடனோ பேசி, வாந்தியை நிறுத்தும் ஊசி ஒன்றைச் செலுத்தி, காலையில் வரச்சொல்லி அனுப்பினார். குட்டியை எடை பார்த்தாரில்லை. அதன் வயதையும் தடுப்பூசியையும் பற்றி ஒரு சொல்லும் கேட்டாரில்லை. யாமும் ஒன்றும் கூறினோமில்லை. அக்கட்டடத்தின் பொலிவே எங்கள் வாயை அடைத்துவிட்டது.

விடியுமுன் கழிச்சலிற் குருதி கண்டது. காலையில் வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுசென்றோம். ஊரார் இன்றும் 'மாட்டாஸ்பத்திரி' என்று கூறும் இடம் அது. அத்தை முதலில் அங்கே செல்லத் தயங்கியதற்கு அப்பெயரும் ஒரு காரணம். ஆங்கு ஓர் இளைய மருத்துவர், குட்டியைத் தொடுமுன், எப்பொழுது உண்டது, எத்தனை முறை வாந்தி, கழிச்சலின் நிறம் யாது, வேறு நாய்களோடு பழகியதா என ஒவ்வொன்றாய் வினவினார். ஈற்றில், "இரண்டாம் ஊசி என்று போட்டீர்கள்?" என்றார். யான் தலைகுனிந்தேன். பார்வோ என்னும் நச்சுயிரி நோய் என்று சோதித்துக் கூறி, நரம்பின் வழி நீர் ஏற்றினார்கள். அந்நோயைக் கொல்லும் மருந்து கையாளப்படுவதில்லை. உடல் தானே போராடி வெல்லும்வரை நீரும் உப்பும் குன்றாமற் காத்தலே பெரும்பாலும் மருத்துவம். ஆதலின் ஒவ்வொரு மணி நேரமும் விலைமதிப்புடையது. எங்களுக்கு ஓர் இரவு கழிந்துபோயிருந்தது. மூன்றாம் நாள் கறுப்பன் இறந்தது.

அம்மருத்துவர் எனக்கு விளக்கியதை ஈண்டு எழுதுவது கடமை. தாய்ப்பாலின் வழி வந்த காப்பு குட்டியின் குருதியில் இருக்குங்காறும் முதலூசி முழுப்பயன் தராது. அக்காப்பு எந்நாளில் நீங்கும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். அதனாலேயே ஆறு முதல் எட்டு வாரத்திற்குள் தொடங்கி, மூன்று நான்கு வாரத்திற்கு ஒருமுறையாகப் பதினாறு வாரம்வரை ஊசி திரும்பத் திரும்ப இடப்படுகிறது. ஓர் ஊசியோடு நிற்பவர், பாதிக் கூரை வேய்ந்த வீட்டில் மழைக்காலம் கழிப்பவர். 1978ஆம் ஆண்டளவில் உலகுக்கு வெளிப்பட்ட இந்நோயின் நச்சுயிரி, நாய் படுத்த இடத்திற் பல மாதங்கள் அழியாதிருக்கும், சவர்க்காரத்திற்கு அஞ்சாது, பிளீச்சிங் பவுடர் போன்றவற்றிற்கே அஞ்சும்.

திருக்குறளின் மருந்து அதிகாரம், நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து பேணுபவன் என மருத்துவத்தை நான்கு கூறாக்கும். விலங்கு மருத்துவத்தில் முதற்கூறு வாய்பேசாது. ஆகவே நான்காங்கூறாகிய நாமே அதற்கு வாயாகின்றோம். நம்மை வினவாத மருத்துவர் நோயாளியையே வினவாதவர். பூனையோ தன் நோவை மறைக்கும் இயல்பினது. அதன் வளர்ப்போன் கூறும் சிறு குறிப்பு, நேற்று மாடிப்படி ஏறவில்லை என்பது போன்றது, பல நேரங்களில் முதற்சான்றாகும். ஆதலின் முதன்முறை ஒரு மருத்துவமனைக்குச் செல்பவர், தாம் எவ்வளவு நேரம் பேச விடப்பட்டார் என்பதைக் கருதுக. எடையும் உடல்வெப்பமும் அளக்கப்பட்டனவா என்பதைக் காண்க. எடையறியாது மருந்தளவு கூறுதல், நூல் பிடியாது சுவரெழுப்புதலை ஒக்கும்.

ஏனையவற்றை விரைந்து சொல்லலாம். ஒரு பிராணியை இறக்கியபின் மேசை துடைக்கப்படுகிறதா? கழிச்சலுள்ள குட்டி தடுப்பூசிக்கு வந்த குட்டியோடு ஒரே பலகையில் அமர்த்தப்படுகிறதா? ஊசிமருந்து இரண்டு முதல் எட்டுப் பாகை வெப்பத்திற்குள் வைக்கப்பட வேண்டுவது. மின்சாரம் நின்றால் என் செய்வர் என்று கேட்டுப் பாருங்கள். ஊசிக்குப்பியின் முகப்புச் சீட்டைப் பதிவேட்டில் ஒட்டிக் கையொப்பமிடும் மருத்துவர் கணக்கிற்கு அஞ்சாதவர். மருத்துவர் பட்டம் பெற்றுப் பதிவு செய்துள்ளாரா என்று வினவுவதற்கும் நாணற்க. 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம் பதிவேட்டை அதற்காகவே ஏற்படுத்தியது. கட்டணத்தை முன்னரே கேட்டலும் இழுக்கன்று. சென்னை வெயிலில் நாய்க்குக் கம்பளிச் சட்டை விற்கும் கடை மருத்துவமனையோடு ஒட்டியிருப்பின், மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனை நினைத்து மகிழ்ந்து, வாங்காமல் வருக.

வேப்பேரி மருத்துவமனையைப் பற்றி ஒரு சொல். அக்கல்லூரி 1903ஆம் ஆண்டில் தோன்றியது. 1936இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பட்டப்படிப்பைப் பெற்றது. 1989இல் அமைந்த கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இன்று இயங்குகிறது. பல துறை அறிஞர் ஓரிடத்திற் கூடியிருக்க, மாணாக்கர் உடனின்று கற்கும் இடம் அது. மாணாக்கர் கையில் என் நாயை விடுவதா என்று அஞ்சுவாருளர். மாணாக்கன் கற்குமிடத்தில் ஆசிரியர் ஒவ்வொன்றையும் ஏன் என்று விளக்கியாதல் வேண்டும். அவ்விளக்கம் நம் காதிலும் விழுகிறது. குறையில்லை என்று சொல்லேன். கூட்டம் மிகுதி, காத்திருத்தல் நெடிது, ஆண்டுதோறும் இடும் வெறிநோய்த் தடுப்பூசிக்காக ஒருவர் அரைநாளை இழக்க வேண்டுவதில்லை. ஆகவே அன்றாடத்திற்கு அண்மையிலுள்ள சிறிய மருத்துவர் ஒருவரையும், பெருநோய்க்குப் பெரிய மருத்துவமனை ஒன்றையும், இரவிற்குத் திறந்திருக்கும் இடம் ஒன்றையும், ஆக மூன்றையும் முன்னரே அறிந்து வைத்தலே தக்கது என்பேன். வெறிநோய்த் தடுப்பூசி நாய்க்கு மட்டும் உரிய காப்பன்று. அந்நோயின் குறி மனிதனிடம் தோன்றியபின் மீட்சி ஏறத்தாழ இல்லை. வீட்டிலுள்ள சிறு குழந்தையின் உயிரும் அவ்வூசியில் அடங்கியிருக்கிறது.

மருந்துக்கடைக்காரரை மருத்துவராகக் கொள்ளும் வழக்கத்தையும் கண்டிக்க வேண்டும். நமக்குக் காய்ச்சலைத் தணிக்கும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லப் போதும். இதனை அறியாது அன்பினால் நஞ்சூட்டுவோர் உளர்.

இவ்வாண்டு அத்தை வீட்டிற்குப் பூனைக்குட்டி ஒன்று வந்துள்ளது. அது வருமுன்னரே அத்தை என்னை அழைத்துக்கொண்டு அண்மையிலுள்ள மூன்று மருத்துவமனைகளுக்குச் சென்றார்கள். கையிற் பூனையில்லாமல் வந்த எங்களை முதல் இரண்டு இடத்தாரும் வியப்போடு நோக்கினர். மூன்றாவது இடம் மிகச் சிறியது. முன்பு தையற்கடையாக இருந்ததாம். மருத்துவர் ஓர் அம்மையார். இரவில் நோய் கண்டால் என் செய்வது என்று அத்தை கேட்டார்கள். "இரவில் நான் வர இயலாது, அம்மா" என்று சொல்லி, இரவில் செல்லத்தக்க இடத்தை ஒரு சீட்டில் எழுதிக்கொடுத்தார். வெளியே வந்ததும் அத்தை, "தம்பி, இவர்களே போதும்" என்றார்கள். இல்லை என்று சொல்லத் துணிந்தவர் உண்டு என்று சொல்லும்பொழுது நம்பலாம் என்பது அத்தையின் கணக்கு. பூனைக்கு இரண்டாம் ஊசி வரும் மாதம் 14ஆம் நாள். அன்று எனக்குப் பருவத்தேர்வும் உளது. தேர்வு பிற்பகலில், முற்பகலில் யான் பூனைக்கூடையோடு அம்மருத்துவமனையில் இருப்பேன்.