இல்லத்துக் கொடுமையும் இளங்குழந்தைகளும்

பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தத்தைப் பாடங்கேட்ட மாணவர் யாவரும் அதன் பத்துப் பருவங்களை அறிவர். அவற்றுள் முதலாவது காப்பு. செங்கீரையாடுதலும், தாலாட்டும், சப்பாணி கொட்டுதலும், முத்தம் வேண்டுதலும் அதற்குப் பின்னரே வருவன. குழந்தையைக் கொஞ்சுதற்கு முன் அதனைக் காத்தல் வேண்டும் என்பது நம் புலவர் வகுத்த முறை. அவர்கள் திருமால் முதலாய தெய்வங்களை ஒவ்வொன்றாக விளித்துக் குழந்தைக்குக் காவல் நிறுத்தினர். ஆயின், அவர்கள் அஞ்சிய தீங்கு புறத்தினின்று வருவது. கதவைத் தாழிட்ட பின்னர் வீட்டினுள்ளேயே, அதுவும் பெற்ற தந்தையின் கையாலேயே நிகழும் தீங்கிற்கு எக்காப்பைப் பாடுவது?

இல்லத்துக் கொடுமை என்று யான் ஈண்டுக் கூறுவது, கணவன் மனைவியை அடித்தலும், வைதலும், அச்சுறுத்தலும், உணவுக்கும் உடைக்கும் பொருள் தாராது வருத்துதலும் ஆகும். இதனைப்பற்றிப் பேசுவோர் அம்மனைவியைப்பற்றிப் பேசுவர், அது தக்கதே. அவ்வீட்டு மூலையிற் பாயைப் பற்றிக்கொண்டு விழித்திருக்கும் பிள்ளையைக் கணக்கிற் கொள்வார் மிகச் சிலர். “பெண்டாட்டியைத்தான் அடிப்பான், பிள்ளைகளைத் தொடமாட்டான்” என்று அயலார் கூறுவதை எங்கள் புதுக்கோட்டைச் சீமையிற் கேளாதார் இலர். ஏதோ அவனுக்கு ஒரு நற்சான்றிதழ் வழங்குவது போலவே அவர்கள் அதைக் கூறுகின்றனர்! அச்சான்றிதழ் பொய்யானது. தாயை அடிப்பவன் பிள்ளையைத் தொட்டவனே.

இதற்குச் சான்றில்லாமற் போகவில்லை. 1998-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில் பெலிட்டி, அந்தா என்னும் மருத்துவர் இருவரும் அவர்தம் துணைவரும், வயது வந்தோர் 9,500 பேருக்கு மேற்பட்டாரிடம் இளமையில் அவர் பட்ட துன்பங்களைக் கேட்டு ஆராய்ந்து வெளியிட்டனர். அவர்கள் வகுத்த ஏழு வகைத் துன்பங்களுள் ஒன்று, தாய் அடிபடும் வீட்டில் வளர்தல். நான்கும் அதற்கு மேற்பட்டனவும் பட்டவர்கள் குடிக்கு அடிமையாதல், மனச்சோர்வு, தற்கொலைக்கு முயலுதல் என்பவற்றிற்கு ஆளாகும் இடர், அவற்றுள் ஒன்றேனும் படாதாரைக் காட்டிலும் நான்கு முதற் பன்னிரண்டு மடங்கு மிகுந்திருந்தது. உலகில் 13.3 கோடி முதல் 27.5 கோடி வரையிலான குழந்தைகள் இத்தகைய வீடுகளில் வாழ்கின்றனர் என்று 2006-இல் ஐக்கிய நாடுகள் சபையின் ஆய்வு மதிப்பிட்டது. நம் நாட்டில் 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, மணமான பெண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 29 பேர் கணவரால் கொடுமைக்கு ஆளானதைக் காட்டிற்று. தமிழ்நாட்டிலோ அது 38! கல்வியிலும் மருத்துவத்திலும் முன்னிற்பதாக நாம் பெருமை பேசும் மாநிலம் இது.

குடியே இதற்கெல்லாம் காரணம் என்று முடித்துவிடுவாரும் உளர். 2003 முதல் மதுவைச் சில்லறையாக விற்பதும் அரசாங்கமே ஆகையால், இவ்வாறு கூறுவோர்க்குக் குறைகூறுதற்கு எளிதான இடம் ஒன்று வாய்த்திருக்கிறது. குடி நெருப்பில் நெய் வார்க்கின்றது என்பதை யான் மறுக்கவில்லை. எனினும், குடித்தவன் தன் முதலாளியை அடிப்பதில்லை, காவற்காரரை அடிப்பதில்லை, தெருவெல்லாம் பணிந்து நடந்து வந்து தன் வீட்டு வாயிலைக் கடந்த பின்னரே கையை ஓங்குகின்றான். எவரை அடித்தால் எவரும் கேளார் என்பதை அவன் மயக்கத்திலும் மறப்பதில்லை. அவ்வறிவு மதுவினின்று வந்ததன்று.

சட்டம் என்ன செய்திருக்கிறது என்று இனிக் காண்போம். இல்லத்துக் கொடுமையினின்று பெண்களைக் காக்கும் சட்டம் 2005-இல் இயற்றப்பெற்று, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன் பெயரைக் கேட்டோர் பலர். இதனுள் குழந்தைகளுக்கென உள்ளவற்றை அறிந்தோர் சிலர். பதினெட்டு வயதிற்குட்பட்ட மகவு, தத்துப்பிள்ளையாயினும் மாற்றாந்தாய்ப் பிள்ளையாயினும் வளர்ப்புப் பிள்ளையாயினும், இச்சட்டத்தின்படி குழந்தையே. 18-ஆம் பிரிவின்படி, பாதிக்கப்பட்டவர் குழந்தையாயின் அதன் பள்ளிக்குள்ளும் நுழையலாகாது என்று எதிரியைத் தடுக்கலாம். 20-ஆம் பிரிவு பிள்ளைகளின் பராமரிப்பிற்குப் பொருள் வாங்கித் தருகின்றது. 21-ஆம் பிரிவின்படி, பிள்ளைகளைத் தற்காலிகமாகத் தாயிடமே ஒப்புவித்து, தந்தை வந்து காண்பது தீங்கு விளைக்குமாயின் அதனையும் மாஜிஸ்திரேட்டு மறுக்கலாம். இவற்றினும் மேலாக யான் கருதுவது 19-ஆம் பிரிவு. அடிப்பவனையே வீட்டை விட்டு வெளியேறுமாறு கட்டளையிடும் அதிகாரம் அதில் இருக்கின்றது. மனு வந்த மூன்று நாட்களுக்குள் முதல் விசாரணை. அதிலிருந்து அறுபது நாட்களுக்குள் முடிவு செய்ய முயலவேண்டும் என்பது விதி. காப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறையுண்டு.

மற்றொன்று, 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். இதற்கு மூதாதையென்று சொல்லத்தக்க 1920-ஆம் ஆண்டுச் சென்னைக் குழந்தைகள் சட்டம் இந்தியாவிலேயே இவ்வகையில் முதலாவது என்பதைத் தமிழர் பலர் அறியார். 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாவட்டந்தோறும் குழந்தைகள் நலக் குழு அமைகின்றது. ஒரு தலைவரும் நான்கு உறுப்பினரும் கொண்ட இக்குழுவில் ஒருவரேனும் பெண்ணாயிருத்தல் வேண்டும். உடன் வாழ்பவராற் காயமுற்றோ கொடுமைப்பட்டோ புறக்கணிக்கப்பட்டோ இருக்கும் குழந்தை இக்குழுவின் பாதுகாப்பிற்கு உரியது. மீட்கப்பெற்ற குழந்தையை, வழிச்செலவுக் காலம் நீங்க 24 மணி நேரத்திற்குள் குழுவின் முன் நிறுத்தல் வேண்டும். இவ்வளவிற்கும் வாயிலாக அமைந்தது 1098 என்னும் தொலைபேசி எண்.

இரண்டு சட்டங்கள் இருந்தும் இடையில் ஒரு பிளவு இருக்கிறது. முதற்சட்டம் பாதிக்கப்பட்டவர் என வரையறுப்பது பெண்ணை. கண்டும் கேட்டும் மட்டுமே துன்புற்ற பிள்ளையை அது தனியே எண்ணவில்லை. இரண்டாவது சட்டம், தானே தாக்குண்ட பிள்ளையை நோக்குகின்றது. இங்கிலாந்தில், பிறர் துன்புறுத்தப்படுவதைக் காண்பதாலும் கேட்பதாலும் குழந்தைக்கு உண்டாகும் ஊறும் ஊறே என்று 2002-ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தம் செய்தது. 2021-ஆம் ஆண்டுச் சட்டம் அக்குழந்தையையும் பாதிக்கப்பட்டவர் என்றே வகுத்தது. நம் வேதத்தில் ஆகாரும் அவள் மகனும் வனாந்தரத்திற் கைவிடப்பட்ட வரலாற்றைக் கவனித்துப் படிப்போர் ஒன்றைக் காணலாம். சத்தமிட்டு அழுதவள் தாய். தேவன் கேட்டதாக அவ்விடத்திற் சொல்லப்படுவதோ பிள்ளையின் குரல். தாயின் துயரத்துள் பிள்ளையின் துயரத்தை அடக்கிவிடாது தனியே கேட்ட அச்செவியை நம் சட்டமும் பெறல் வேண்டும்.

ஆயின், பிள்ளையைத் தனியே எண்ணுவது வேறு, தனியே பிரிப்பது வேறு. இங்கேதான் நல்லெண்ணமுடையோரும் இடறுகின்றனர். நியூயார்க்கு நகரத்தில் குழந்தைநல அலுவலர், தாய் அடிபடுவதைப் பிள்ளைகள் கண்டனர் என்பதொன்றையே காரணங்காட்டி, அடிபட்ட தாயின்மீதே குற்றஞ்சாட்டி, அவளிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்துக் கொண்டுசென்று வந்தனர். தாய்மார் வழக்குத் தொடுத்தனர். இம்முறை தவறென்று கூட்டாட்சி நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்தது. பிள்ளை கண்டது என்பது மட்டுமே தாயின் புறக்கணிப்பாகாது, பிரிப்பதனால் வரும் தீங்கையும் நிறுத்துப் பார்த்தல் வேண்டும் என்று அம்மாநிலத்து உயர்ந்த நீதிமன்றம் 2004-இல் உரைத்தது. கூட்டிற் பாம்பு புகுந்தால் குஞ்சை எடுத்துக்கொண்டு போய், தாய்ப்பறவையைப் பாம்பிடம் விட்டு வருவாரும் உண்டோ?

நம்மிடையே இது வேறு உருவில் நடக்கின்றது. அடியுதை நிகழும் வீட்டுப் பிள்ளையைக் கண்டால், “விடுதியிற் சேர்த்துவிடுங்கள்” என்பதே நம்மவர் முதலிற் கூறும் மருந்து. மிஷன் கல்லூரியிற் பயிலும் யான் விடுதிகளை இகழ்தற்கு உரியனல்லன். 1901-இல் எமி கார்மைக்கேல் அம்மையார் திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் தொடங்கிய பணியை எண்ணி எவன் தலைவணங்கான்? 1886-இற் புதுக்கோட்டையிற் பிறந்து, மன்னர் கல்லூரியில் ஆடவரிடையே தனியொரு பெண்ணாகப் பயின்று மருத்துவரான முத்துலட்சுமி ரெட்டியார், தேவதாசி முறையினின்று தப்பி வந்த சிறுமியர்க்குத் தம் இல்லத்தையே திறந்து 1930-இல் ஔவை இல்லம் கண்டதும் எங்கள் மண்ணின் பெருமையே. ஆயினும் அச்சிறுமியர்க்குத் திரும்பிச் செல்லத்தக்க இல்லம் இல்லை. யான் பேசும் பிள்ளைக்கோ காக்கும் மனமுள்ள தாய் இருக்கின்றாள். விடுதிக்குச் சென்ற பிள்ளை அங்கே இரவில் உறங்குவதில்லை. தான் இல்லாதபோது அம்மாவுக்கு என்ன நேருமோ என்று விழித்திருக்கின்றது. அடித்தவன் வீட்டில் இருக்கிறான்; அடிபடாத பிள்ளை வெளியேற்றப்படுகிறது. இது யாருக்குத் தண்டனை?

2015-ஆம் ஆண்டுச் சட்டமும் நிறுவனத்திற் சேர்த்தலை இறுதி வழியாகவே கூறுகின்றது. ‘மிஷன் வாத்சல்யா’ என்னும் திட்டத்திற் கைம்பெண், மணமுறிவு பெற்றவள், கைவிடப்பட்டவள் ஆகியோரின் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் வழங்க இடமிருக்கிறது. அடிக்கும் வீட்டினின்று பிள்ளையோடு வெளிவந்த தாயையும் இவர்களோடு முதல் வரிசையில் வைத்தல் வேண்டும். அவள் பெரும்பாலும் திரும்பிப் போவது அன்பினால் அன்று. மறுநாள் அரிசிக்கு வழியில்லாமையாலே. அடுத்த மாதத்து வாடகைக்கு ஒரு வழி இருந்தால் எத்தனை பிள்ளைகள் தாயின் பக்கத்திலேயே உறங்கலாம்!

கிறிஸ்தவராகிய நம்மைப்பற்றியும் ஒன்று சொல்லாமற் போதல் நேர்மையன்று. அடிபட்ட பெண் சபையாரிடம் வந்தால், “பொறுமையாயிரு, பிள்ளைகளுக்காகத் திரும்பிப் போ” என்று அறிவுரை கூறுதல் வழக்கமாயிருக்கிறது. நம் விவாகச் சட்டமும் நெடுங்காலம் அவ்வாறே பேசிற்று. 1869-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மனைவியின் விபசாரம் ஒன்றே கணவனுக்குப் போதிய காரணம். மனைவிக்கோ கணவன் செய்த கொடுமை மட்டும் காரணமாகாது, அதனோடு விபசாரமும் சேர்தல் வேண்டும். 132 ஆண்டுகள் சென்று 2001-இலேதான் கொடுமை மட்டுமே தனிக்காரணமாயிற்று. சட்டம் திருந்திய பின்னரும் நம் நாவு திருந்தவில்லை. மன்னித்தல் அவளுடைய உரிமை. அவள் பிள்ளையை மீண்டும் அவ்வீட்டிற்கு அனுப்புதல் நமக்கு எவரும் தந்த அதிகாரமன்று. பிள்ளைகளுக்காகப் பொறுத்தாள் என்று புகழப்பெறும் தாயின் பிள்ளைகளை நாம் ஒருநாளும் கேட்டதில்லை.

இனிப் பள்ளிக்கூடத்திற்கு வருவோம். எங்கள் மாவட்டம் பரந்தது. மாவட்ட அலுவலர்கள் இருப்பது புதுக்கோட்டை நகரில். மணமேற்குடி, கோட்டைப்பட்டினம் முதலிய கடற்கரையூர்த் தாய் ஒருத்தி அறந்தாங்கி வந்து, அங்கிருந்து மீண்டும் பேருந்தேறித்தான் அவர்களைக் காணல் வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது எங்கள் ஊர்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் மிதிவண்டி கற்று, எவர் துணையுமின்றி வெளியே செல்லத் துணிந்ததை முதியோர் இன்றும் கூறுவர். எனினும், காலையில் மனுக்கொடுக்கச் சென்றவள் மாலையில் அடிப்பவன் இருக்கும் வீட்டிற்கே திரும்பவேண்டுமெனில் மிதிவண்டி என் செய்யும்? அலுவலகம் தொலைவில், பள்ளிக்கூடமோ பிள்ளை நடந்து செல்லும் தொலைவில். இரவெல்லாம் விழித்த பிள்ளை காலையில் வந்து அமர்வது ஆசிரியர் முன்னிலையிலேதான். அதனை வகுப்பில் உறங்கியதென்றும், வீட்டுப்பாடம் எழுதவில்லையென்றும் பிரம்பால் அடித்தால், வீட்டில் ஓங்கிய கை பள்ளியிலும் ஓங்கியதாகவே அப்பிள்ளை அறியும். 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம் அடித்தலைத் தடுத்துவிட்டது. ஆயினும், அடியாமை மட்டும் போதாது, அறிதல் வேண்டும்.

இங்கிலாந்தின் பிளிமத் நகரத்திற் கணவர் காவலராயும் மனைவி தலைமையாசிரியராயும் இருந்த ஒரு குடும்பத்தார் 2011-இல் மிக எளியதோர் ஏற்பாட்டைத் தொடங்கினர். இல்லத்துக் கொடுமை குறித்துக் காவலர் ஒரு வீட்டிற்குச் சென்றால், அவ்வீட்டுப் பிள்ளையின் பள்ளியில் இதற்கெனப் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர்க்கு, மறுநாட் பள்ளி தொடங்குமுன் செய்தி சேர்தல் வேண்டும். அவ்வளவே. அவ்வாசிரியர் பிள்ளையை வினவித் துளைப்பதில்லை, பிறர்க்கு உரைப்பதில்லை. உண்ணாது வந்ததாயின் உணவும், உறங்கவில்லையாயின் உறக்கமும், அழுதால் அழுதற்கு ஓரிடமும் கிடைக்கச் செய்கின்றார். இம்முறை அந்நாட்டில் எங்கும் பரவியது.

நம்மிடம் இதற்கு வேண்டுவனவெல்லாம் முன்னரே இருக்கின்றன. 1992-இற் சென்னை ஆயிரம் விளக்கில் முதன்முதல் திறக்கப்பெற்ற அனைத்து மகளிர் காவல் நிலையம் இன்று எங்கள் மாவட்டத்திலும் உண்டு. பள்ளிகள் ஊர்தோறும் உள்ளன. பெரியதோர் எச்சரிக்கை மட்டும் வேண்டும். ஊர் சிறிது, வாய் பெரிது. செய்தி ஆசிரியர் அறையிற் பொதுப்பேச்சாகுமாயின், தாய் மறுமுறை காவல் நிலையப் படியேறாள்; பிள்ளையும் பள்ளிக்கு வாராது. ஆதலின் பள்ளிக்கு ஒருவரே, பெரும்பாலும் பெண்ணாசிரியரே, பெயர் குறித்து அமர்த்தப்பெறல் வேண்டும். பிள்ளையைச் சாட்சியாக்குவதும், தந்தைக்கும் தாய்க்கும் இடையே தூதாக்குவதும் அவர் வேலையல்ல. காயத்தைக் கண்டால் குழந்தைகள் நலக் குழுவிற்குத் தெரிவித்தலும், தாய் வந்தால் பாதுகாப்பு அலுவலரின் எண்ணைத் தருதலுமே அவர் வேலை.

நம் கல்லூரியிற் பயின்று வெளியேறுவோருள் ஆசிரியராவோர் பலர். அவருட் சிலர் கந்தர்வகோட்டையிலும் பொன்னமராவதியிலும் இலுப்பூரிலும் பணியேற்பர். கீரனூரில் இரவு பதினொரு மணிக்கு ஒரு தாய் எழுதிக்கொடுக்கும் புகார், மறுநாட் காலை ஒன்பது மணிக்குள் அவள் பிள்ளையின் வகுப்பாசிரியரை எட்டுமாறு செய்தற்கு ஒரு தொலைபேசியும், அதனை எடுப்பவரின் பெயரும் காவல் நிலையத்துச் சுவரில் எழுதப்பெற்றிருந்தாற் போதும். அவ்வெழுத்தை அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் எழுதுவித்தல் மாவட்ட ஆட்சியர் ஒருவரின் ஆணையால் ஆகக்கூடியது.