டிக்கித் தரையை வெட்டத்தான் வேண்டும்

பழைய எம்.ஜி. மிட்ஜெட் காரை ரேஸுக்குத் தயார் செய்யக் கொண்டுவருகிறவர்கள் பட்டறை வாசலிலேயே ஒரு நிபந்தனை போடுவார்கள்: டிக்கியில் கை வைக்கக் கூடாது. இன்ஜினைக் குடைந்து சி.சி.யைக் கூட்டலாம், முன்பக்கத்தை ஃபைபரில் மாற்றலாம், ரோல் கேஜ் கால் ஊன்றத் தரையில் தகடு வைத்து வெல்டிங் செய்யலாம். அதற்கெல்லாம் முகம் சுளிக்காதவர்கள், டிக்கித் தரையில் நான் சாக்பீஸால் கோடு போட்டதும் "ஒரிஜினல் போய்விடுமே" என்று பதறுவார்கள். அந்தத் தரைக்கு அடியில்தான், பின் அச்சுக்கும் பின்னால், 27 லிட்டர் பெட்ரோல் ஒரு மெல்லிய தகட்டு டேங்க்கில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

நான் கோவையில் தகர வேலை கற்றவன். இப்போது இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில், இந்தக் கார்கள் பிறந்த அபிங்டனுக்குப் பக்கத்தில், பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு உடம்பு வேலை செய்கிறேன். என் கட்சி எளிமையானது. ரேஸ் ஓடப்போகிற காரென்றால் தரையை வெட்டி ஃப்யூயல் செல்லை முறையாக இறக்குங்கள். முறையாக என்ற சொல்லை இரண்டு தடவை படியுங்கள்.

ஃப்யூயல் செல் என்றால் ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் சமாசாரம் அல்ல. முரட்டு நைலான் துணியில் ரப்பர் ஏற்றிச் செய்த பெட்ரோல் பை. இடிபட்டால் நசுங்கும், வளையும், லேசில் கிழியாது. உள்ளே பாத்திரம் தேய்க்கும் பஞ்சைப் போன்ற ஃபோம் நிறைந்திருக்கும். கொள்ளளவில் சுமார் 3 சதவீதத்தை அது விழுங்கிக்கொள்ளும். பதிலுக்கு, வளைவுகளில் பெட்ரோல் அலையடிக்காமல் பிடித்துக்கொள்ளும். உள்ளே ஆவி பற்றினாலும் தீ ஒரே வீச்சில் பாய விடாது. இத்தனைக்கும் வெளியே ஓர் உலோகப் பெட்டி.

இது வந்த கதை கொடூரமானது. 1964 மே 24 அன்று அமெரிக்காவின் சார்லட் ஓடுதளத்தில் ரேஸ் ஓட்டுநர் ஃபயர்பால் ராபர்ட்ஸின் கார் கவிழ்ந்து எரிந்தது. தீக்காயங்களோடு போராடி ஜூலை 2 அன்று அவர் இறந்தார். அந்த விபத்து நடந்த ஆறாம் நாள், இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தின் இரண்டாவது சுற்றில் பெட்ரோல் தீப்பிடித்த விபத்தில் டேவ் மெக்டொனால்ட், எடி சாக்ஸ் என்ற இரண்டு ஓட்டுநர்கள் இறந்தார்கள். போர் விமானங்களுக்கு ரப்பர் டேங்க் செய்து பழகியிருந்த டயர் கம்பெனிகளின் கைவேலை ரேஸ் கார்களுக்குள் வந்தது அதற்குப் பிறகுதான். ஃபார்முலா ஒன்னில் 1970-இல் கட்டாயமானது.

இன்றைக்குச் சந்தையில் ஃப்யூயல் செல் என்ற பெயரில் அலுமினியப் பெட்டிகள் மலிவாகக் கிடைக்கின்றன. மூடியைத் திறந்தால் ஃபோம் இருக்கும், பை இருக்காது. பஞ்சு அடைத்த டப்பா அது. வெல்டிங் தையல் விட்டால் பெட்ரோல் நேராகத் தரைக்கு வரும். உலக மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் எஃப்.டி.3-1999 தர முத்திரை உள்ள பையோடு இதை ஒப்பிட்டு, "பாதி விலைதானே" என்று பெருமைப்படுகிறவர்களிடம் நான் வாக்குவாதம் செய்வதை நிறுத்திவிட்டேன். அந்த வேலையை மட்டும் எடுப்பதில்லை.

நல்ல பை வாங்கிவிட்டால் மட்டும் போதுமா? 2020 நவம்பர் 29 அன்று பஹ்ரைனில் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ரொமெய்ன் குரோஜான் மணிக்கு 192 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பில் மோதித் தீக்குள் 27 விநாடிகள் இருந்ததை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். ஃபார்முலா ஒன் கார்களில் இருப்பது இன்னும் கடுமையான எஃப்.டி.5 தரத்துப் பை. பிறகு வந்த எஃப்.ஐ.ஏ. விசாரணை அறிக்கை கைகாட்டியது வேறு இரண்டு இடங்களை. டேங்க்கைப் பார்ப்பதற்காக வைத்திருந்த மூடி ஒன்று பிய்ந்து போயிருந்தது. இன்ஜினுக்குப் பெட்ரோல் போகும் இணைப்பு பையிலிருந்து பிடுங்கப்பட்டிருந்தது. அத்தனை பொறியாளர்கள் கூடிச் செய்த காரிலேயே வழி திறந்தது மூடியிலும் இணைப்பிலும் என்றால், ஞாயிற்றுக்கிழமை கராஜில் பூட்டிய மிட்ஜெட்டில் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

வேலைக்கு வருவோம். இந்தக் காருக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடம்பேதான் எலும்பும். தரையை வெட்டினால் பலம் குறையும். ஆகவே வெட்டிய ஓரம் முழுக்க இரும்புக் குழாயில் சட்டம் பற்றவைத்து, இரண்டு பக்க நீள்கட்டைகளோடும் இணைத்துவிட வேண்டும். செல் அந்தச் சட்டத்துக்குள் இறங்கி, குறுக்கே போகும் இரும்புப் பட்டைகளில் உட்காரும். ஸ்குரூவை வைத்து மெல்லிய தகட்டில் மாட்டுவது ஏமாற்று வேலை. செல்லை எவ்வளவு முன்னே தள்ள முடியுமோ தள்ளுவேன், பின்னால் இடிபட்டால் நசுங்கக் கொஞ்சம் இடம் வேண்டும். பெரிய செல் கேட்பார்கள். 20 நிமிட ரேஸுக்கு எதற்கு? பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ கனம், அதையும் சுமந்து ஓட வேண்டும்.

பழைய காரின் பெட்ரோல் ஊற்றும் வாய் பின்புறத் தகட்டில் இருக்கிறது. அதற்கும் புதிய செல்லுக்கும் நடுவே விறைப்பான இரும்புக் குழாய் வைத்தால், பின்னால் ஒரு கார் முட்டும்போது அந்தக் குழாயே நெம்புகோலாகி மூடியைப் பிடுங்கும். ஆகவே வெளி மூடியைக் கண்ணுக்கு அழகாக விட்டுவிட்டு, டிக்கியைத் திறந்து நேராகச் செல்லில் ஊற்றும்படி செய்கிறேன். சிந்துவதற்கு ஒரு தட்டு, அதிலிருந்து வெளியே ஒரு வடிகுழாய். காற்றுக் குழாயில் கார் கவிழ்ந்தால் மூடிக்கொள்ளும் வால்வு இருக்க வேண்டும். அதை மட்டும் நம்பாமல், குழாயைச் செல்லுக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி எதிர்ப்பக்கமாக வெளியே விட வேண்டும், சைலன்சர் இருக்கும் பக்கம் வேண்டாம். மூடித் தகட்டிலிருந்து பாடிக்கு ஓர் எர்த் வயர். இடித்த மறுகணம் பம்ப்பை நிறுத்தும் சுவிட்ச். இவை எல்லாம் சில்லறைச் செலவு.

ஒரிஜினல் வாதத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். மிட்ஜெட் 2 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட கார், கோயில் சிலை அல்ல. அதற்குப் புது உடம்புக்கூட்டையே பழைய அச்சுகளில் அடித்து இங்கே விட்னி ஊரில் விற்கிறார்கள். வெட்டிய தகட்டையும் பழைய டேங்க்கையும் பரணில் போட்டு வையுங்கள், விற்கும்போது வாங்குகிறவருக்குக் கொடுக்கலாம். உண்மையிலேயே அரிதான கார் என்றால் அதை ரேஸுக்கு எடுக்காதீர்கள்.

அடுத்த புலம்பல், ஆயுள் தேதி. எஃப்.ஐ.ஏ. பைக்கு ஆயுள் 5 ஆண்டு. செய்தவரே சோதித்துச் சான்று தந்தால் இன்னும் 2 ஆண்டு. வருடத்தில் நாலைந்து தடவை மட்டும் ஓட்டுகிறவருக்கு வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் தேதி கடந்த செல்களைத் திறந்தவன் நான். ஃபோம் கையில் எடுத்தால் மாவாக உதிரும், அந்த மாவு ஃபில்டரை அடைத்து நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் பை புத்தம் புதிதாகத் தெரியும். இந்த விஷயத்தில் என் ஓட்டு விதி எழுதியவர்களுக்கே.

கோயிலுக்கும் கடைக்கும் ஓட்டுகிற கார் என்றால் செல் வேண்டவே வேண்டாம். புது டேங்க் போடுங்கள், ரப்பர் ஹோஸ்களை மாற்றுங்கள். பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதா பெட்ரோலிலேயே 10 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது, இந்தியாவில் 20 சதவீதம். அறுபதுகளின் ரப்பருக்கு அது ஒத்துவராது. சென்னையிலும் கோவையிலும் பழைய கார் வைத்திருப்பவர்கள் இந்த வாரமே குனிந்து பார்த்துவிடலாம்.

கடைசியாக, டிக்கிக்கும் ஓட்டுபவருக்கும் நடுவே நிற்கும் தடுப்புச்சுவர். மிட்ஜெட்டின் அண்ணனான, தவளைக்கண் என்று செல்லமாக அழைக்கப்படும் 1958-இன் ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட்டுக்கு வெளியே டிக்கிக் கதவே கிடையாது. சீட்டைச் சாய்த்து உள்ளிருந்தே பெட்டியைத் திணிக்க வேண்டும். டிக்கியும் ஓட்டுபவரும் ஒரே அறைதான். மிட்ஜெட்டில் சுவர் இருக்கிறது, ஆனால் வயர் போன வழி, பெல்ட் மாட்டியவர் போட்டுவிட்டு மறந்த துளை என்று ஓட்டைகள். நான் பார்த்த ரேஸ் சோதனைகளில் அதிகாரிகள் செல்லின் தேதி லேபிளைக் கண்ணாடி போட்டுப் படிக்கிறார்கள், சுவரைத் தொட்டுப் பார்ப்பவர் அபூர்வம். எரியும் டார்ச் லைட்டை டிக்கிக்குள் வைத்து மூடிவிட்டு, சீட்டில் உட்கார்ந்து கறுப்புத் துணியால் தலையை மூடிக்கொண்டு திரும்பிப் பார்க்கட்டும். வெளிச்சம் வருகிற இடத்தில் எல்லாம் தீயும் வரும். வெளிச்சம் கசிகிற காருக்கு அன்றைய சோதனை ஸ்டிக்கரைக் கொடுக்கக் கூடாது. அடைப்பதற்கு அலுமினியத் தகடும் நாலு ரிவெட்டும் போதும், அரை மணி நேர வேலை. ரிவெட் கன் இல்லையென்றால் என் வேனில் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.