டாக்டர் கனவும் நான்காம் படிவமும்

சென்ற வாரம் சங்க வேலையாகக் கேரி தீவுக்குப் போயிருந்தோம். பாலம் தாண்டினால் இருபக்கமும் செம்பனைதான். கூட்டம் கலைந்த பிறகு ஓர் அம்மா நம்மைத் தனியே கூப்பிட்டார்.

“அண்ணே, மகளுக்கு டாக்டர் படிப்பு கிடைக்கல. பயோமெடிக்கல்தான் கிடைச்சிருக்கு. அதைப் படிச்சிட்டு டாக்டருக்கு மாறிக்கலாம்னு சொல்றாங்க. நெசமா?”

மற்றத் தோட்டங்களிலும் இதே கேள்வியைக் கேட்கிறோம். ஆகவே எழுதுகிறோம்.

அமெரிக்காவில் முதலில் ஒரு பட்டம், அதன் பிறகே மருத்துவக் கல்லூரி. நம் நாட்டு வழி வேறு. ஆறாம் படிவமோ மெட்ரிகுலேஷனோ முடித்ததும் நேரே ஐந்தாண்டு மருத்துவம். பயோமெடிக்கல் தனிப் பட்டம். பரிசோதனைக்கூட வேலைக்கு உரியது. மரியாதையான தொழில்தான். ஆனால் அது டாக்டர் படிப்பின் பாதி வழி அல்ல. நல்ல புள்ளியோடு முடித்தவர் மருத்துவத்துக்கு மனுப் போடலாம். இடம் கிடைத்தாலும் மறுபடி பல வருஷம், மறுபடி செலவு. தோட்டச் சம்பளம் அதைத் தாங்குமா?

உண்மையில் தேர்ந்தெடுக்கும் நாள் பல்கலைக்கழகத்தில் இல்லை. நான்காம் படிவத்தில் இருக்கிறது. எஸ்.பி.எம்.மில் உயிரியல், இரசாயனம், பௌதிகம், கணிதம் ஆகியவற்றில் நல்ல தேர்ச்சி வேண்டும். 2020 முதல் அறிவியல், கலை என்ற பிரிவு போய், பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. “பௌதிகம் கஷ்டம், விட்டுடு” என்று யாரோ சொல்ல, பதினாறு வயதுப் பிள்ளை தலையாட்டினால் கதவு அன்றைக்கே சாத்தப்படுகிறது. அந்தப் பாரத்தில் கையெழுத்துப் போடும் நம்மவர்களுக்கு இது தெரிவதில்லை.

அடுத்தது மெட்ரிகுலேஷன். ஒரே வருஷத்தில் முடியும். 2019-ல் இடங்களை 25,000-லிருந்து 40,000-ஆகக் கூட்டியபோதும், பூமிபுத்ராவுக்கு 90 விழுக்காடு, மற்றவர்களுக்கு 10 என்ற பங்கீடு மாறவில்லை. 2024-ல், 10 ஏ எடுத்தவர்களுக்கு இனம் பாராமல் இடம் உண்டென்று அரசாங்கம் அறிவித்தது. வரவேற்போம். ஆனால் டியூஷனுக்குப் பணமில்லாமல் 7 ஏ, 8 ஏ எடுக்கும் தோட்டத்துப் பிள்ளையின் கதி என்ன? அதைத் தொடர்ந்து கேட்க வேண்டியது நம் கடமை.

கேட்டுக்கொண்டே சும்மா இருக்கவும் கூடாது. ஆறாம் படிவம் இருக்கிறது. ஒன்றரை வருஷம், பாடு அதிகம், செலவு குறைவு. எஸ்.டி.பி.எம். சான்றிதழை வெளிநாட்டிலும் மதிக்கிறார்கள். அங்கே உயிரியலும் இரசாயனமும் கட்டாயம். மூன்றாவதாகப் பௌதிகமோ கணிதமோ எடுக்க வேண்டும்.

அந்த அம்மாவிடம் சொன்னோம்: “மேல்முறையீட்டுக்குக் குறிப்பிட்ட சில நாள்தான் கொடுப்பாங்கம்மா. இன்னைக்கே போடுங்க. பயோமெடிக்கல் அவளுக்குப் பிடிச்சிருந்தா சந்தோஷமா படிக்கட்டும். டாக்டராகறதுக்குப் பாலம்னு நெனச்சுப் போக வேணாம்.”

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “இத மூணு வருஷம் முன்னாடி யாராச்சும் சொல்லியிருக்கலாமே, அண்ணே” என்றார்.

அந்த ‘யாராச்சும்’ நாம்தான், தோழர்களே. மூன்றாம் படிவத்தில் பிள்ளை இருக்கும் வீட்டுக் கதவை இந்த வாரமே தட்டுங்கள்.