இரண்டாவது எண் பூஜ்யமாக வேண்டாம்!

இணையத்தில் செஸ் ஆட உட்காருபவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, எவ்வளவு நேரம் ஆடப் போகிறீர்கள் என்பதுதான். லிசெஸ் தளத்தின் முகப்பைத் திறந்தால் 1+0, 2+1, 3+0, 3+2, 5+0, 5+3, 10+0, 10+5 எனக் கட்டம் கட்டமாக எண்கள் தெரியும். செஸ்.காம் போன்ற மற்ற தளங்களிலும் இதைப் போன்ற பட்டியல் உண்டு. முதல் எண், ஆட்டம் முழுவதற்கும் ஒவ்வொருவருக்கும் தரப்படும் நிமிடங்களைக் குறிக்கிறது. இரண்டாவது எண், ஒவ்வொரு முறை காய் நகர்த்தியதும் நம் கடிகாரத்தில் கூட்டப்படும் விநாடிகள். இதனை இன்கிரிமெண்ட் என்கிறார்கள்.

முதல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு கிளிக் செய்பவர்களே அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. என் கருத்து இதற்கு நேர் எதிரானது. வீட்டில் பொழுதுபோக்காக ஆடும் நம்மைப் போன்றவர்கள் பார்க்க வேண்டியது இரண்டாவது எண்ணைத்தான். அது பூஜ்யமாக இருந்தால் அந்த ஆட்டத்தைத் தவிர்ப்பது நல்லது.

நான் சாப்ட்வேர் துறையில் வேலை பார்ப்பவன். செஸ் போட்டிகளுக்குச் சென்று பரிசு வாங்கியவன் அல்ல. இன்ஜினியரிங் கல்லூரி விடுதியில் தொற்றிக் கொண்ட பழக்கம், வேலைக்கு வந்த பின்னும் விடவில்லை. இரவுச் சாப்பாட்டிற்குப் பிறகு அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ ஆடுவேன். மேலே சொன்ன எல்லா வகை ஆட்டங்களையும் பல ஆண்டுகளாக ஆடிப் பார்த்த அனுபவத்தில்தான் இதனை எழுதுகிறேன்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

3+0 ஆட்டத்தில் நமக்குக் கிடைப்பது 180 விநாடிகள். ஆட்டம் 60 நகர்த்தல்கள் வரை போனால், ஒரு நகர்த்தலுக்கு 3 விநாடிகள். எதிராளி என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும், யோசிக்க வேண்டும், மவுஸை நகர்த்திக் காயைச் சரியான கட்டத்தில் வைக்க வேண்டும். எல்லாம் அந்த 3 விநாடிக்குள். 1+0 ஆட்டம் 40 நகர்த்தல்கள் நீடித்தால் ஒன்றுக்கு ஒன்றரை விநாடிதான்.

இப்போது 3+2 ஆட்டத்தைப் பாருங்கள். அதே 60 நகர்த்தல்களுக்கு 180 விநாடிகளுடன் 120 விநாடிகள் சேர்ந்து 300 விநாடிகள் ஆகின்றன. சராசரி 5 விநாடிகள். இதைவிட முக்கியமானது, கடைசி நகர்த்தலுக்கும் குறைந்தது 2 விநாடிகள் நமக்கு உண்டு என்பதுதான். எதிராளியிடம் ராஜா மட்டும் இருக்க, நம்மிடம் ராஜாவும் ஒரு யானையும் இருந்தால், மேட் செய்யும் முறை தெரிந்தவருக்கு அந்த 2 விநாடிகள் போதும். பூஜ்ய ஆட்டத்தில் இதே நிலை வந்தால் யார் ஜெயிப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது.

எனக்கு இது பலமுறை நடந்துள்ளது. ஒரு யானையும் இரண்டு சிப்பாய்களும் அதிகமாக வைத்திருப்பேன். என் கடிகாரத்தில் 4 விநாடிகள், எதிராளிக்கு 11 விநாடிகள். அவர் தன் ராஜாவை இங்கும் அங்கும் நகர்த்திக் கொண்டே இருப்பார். என் நேரம் முடிந்துவிடும். எதிராளியிடம் வெறும் ராஜா மட்டும் இருந்தால் ஆட்டம் டிரா. ஆனால் ஒரே ஒரு சிப்பாய் மிச்சம் இருந்தாலும் வெற்றி அவருக்குத்தான். இதே வழியில் நானும் ஜெயித்திருக்கிறேன். தோற்றபோது வந்த எரிச்சல் அளவிற்கு, ஜெயித்தபோது சந்தோஷம் வந்ததில்லை.

இந்தத் தொல்லை இணையத்தில் பிறந்தது இல்லை. பழைய கடிகாரங்களில் சிறு கொடி விழும் காலத்திலேயே இருந்ததுதான். இதற்குத் தீர்வாகத்தான் முன்னாள் உலகச் சாம்பியன் பாபி பிஷர், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் நேரம் கூட்டும் கடிகாரத்தை வடிவமைத்தார். அதற்கான அமெரிக்கக் காப்புரிமை 1989ல் அவருக்குக் கிடைத்தது. இன்று உலக பிளிட்ஸ் சாம்பியன்ஷிப் 3+2 முறையிலும், உலக ராபிட் சாம்பியன்ஷிப் 15+10 முறையிலும் நடக்கின்றன. உலகின் மிக வேகமான மூளைகளுக்கே கூடுதல் விநாடி தேவைப்படும்போது, நமக்குத் தேவையில்லையா?

மவுஸும் நெட்டும் ஆடும் ஆட்டம்

தொழில்நுட்ப ரீதியாகவும் ஒரு காரணம் உண்டு. நாம் காயை நகர்த்தியதும் அந்தச் செய்தி சர்வருக்குச் செல்கிறது. நேரத்தைத் தீர்மானிப்பது சர்வரின் கடிகாரமே. வழியில் ஏற்படும் தாமதத்தை ஈடுகட்டத் தளங்கள் ஏற்பாடு செய்துள்ளன. 1992ல் தொடங்கிய இன்டர்நெட் செஸ் சர்வர் காலத்திலிருந்தே இது ஒரு தலைவலிதான். அக்காலத் தளங்கள், பயனாளரின் கம்ப்யூட்டரிலேயே யோசித்த நேரத்தை அளந்து அனுப்பும் தனி புரோகிராம்களைத் தந்தன. இருந்தாலும் எந்த ஏற்பாட்டிற்கும் ஓர் எல்லை உண்டு. வீட்டு வைபை ஒரு நொடி தடுமாறினால், 10+5 ஆட்டத்தில் நமக்குத் தெரியவே தெரியாது. 1+0 ஆட்டத்தில் அதுவே தோல்வியாகிவிடலாம்.

அடுத்தது ப்ரீமூவ். எதிராளி நகர்த்தும் முன்பே நம் அடுத்த நகர்த்தலைக் கொடுத்து வைக்கும் வசதி இது. லிசெஸில் இதற்கு நேரம் எதுவும் கழிவதில்லை. செஸ்.காம் தளத்தில் விநாடியில் பத்தில் ஒரு பங்கு கழியும். எதிராளி என்ன செய்யப் போகிறார் என்று பார்க்காமலே ஆடும் இந்த வித்தையும் ஒரு திறமைதான். மறுக்கவில்லை. ஆனால் இது வீடியோ கேம் திறமை. பார்த்து, யோசித்து, முடிவெடுப்பதற்காகத்தானே நாம் செஸ் பக்கம் வந்தோம்?

மறுப்பவர்கள் சொல்வது

நண்பர்கள் மூன்று காரணங்களைச் சொல்வார்கள். முதலாவது, மெதுவான ஆட்டத்தில் எதிராளி ரகசியமாகக் கம்ப்யூட்டர் உதவியுடன் ஆட வாய்ப்பு அதிகம். இது நியாயமான கவலைதான். ஸ்டாக்பிஷ் போன்ற வலிமையான செஸ் இன்ஜின் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் 3+2 ஆட்டத்தில் வேறொரு திரையைப் பார்த்துப் பார்த்து ஆடுவது அவ்வளவு சுலபம் அல்ல. தளங்களும் சந்தேகத்திற்குரிய ஆட்டங்களை ஆராய்ந்து, பிடிபடும் கணக்குகளை மூடுகின்றன.

இரண்டாவது, நேரமில்லை என்பது. 1+0 இரண்டே நிமிடத்தில் முடிந்துவிடும் என்பார்கள். ஆனால் ஒன்றோடு நிறுத்துபவர் யார்? தோற்றவுடன் மறு ஆட்டம், ஜெயித்தவுடன் இன்னொன்று என்று ஒரு மணி நேரத்தில் முப்பது ஆட்டங்கள் ஓடிவிடும். மறுநாள் காலையில் அவற்றில் ஒரு நிலைகூட நினைவில் இருக்காது. 60 நகர்த்தல் கொண்ட 3+2 ஆட்டத்திற்கு இருவருக்கும் சேர்த்து அதிகபட்சம் 10 நிமிடங்கள். அதே ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு ஆட்டங்களை உருப்படியாக ஆடலாம்.

மூன்றாவது, பெரிய ஆட்டக்காரர்களே புல்லட் ஆடுகிறார்களே என்ற கேள்வி. விஸ்வநாதன் ஆனந்த் இளம் வயதிலேயே மின்னல் வேகத்திற்குப் பெயர் பெற்றவர். ஆனால் அவர்களது வேகம், மெதுவாக ஆடிச் சேர்த்த அறிவிலிருந்து வருவது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரனை 7.5 - 6.5 என்று வென்று உலகச் சாம்பியன் ஆன குகேஷ், அங்கே முதல் 40 நகர்த்தல்களுக்கு 2 மணி நேரம் கொண்ட ஆட்டங்களையே ஆடினார்.

குழந்தைகள் ஆடும் வீடுகளில்

பெற்றோர்கள் இதனை அவசியம் கவனிக்க வேண்டும். என் அக்கா மகனுக்கு 11 வயது. டேப்லட்டில் 1+0 ஆடிக் கொண்டிருந்தான். "யானையைச் சும்மா கொடுக்கிறாயேடா" என்றேன். "பரவாயில்லை மாமா, அவனுக்கு எட்டு செகண்ட்தான் இருக்கு" என்றான். அவன் சொன்னதுபோல் ஜெயித்தும் விட்டான். எனக்குத்தான் திக்கென்றது. நல்ல நிலைக்கு மதிப்பில்லை, தவறுக்குத் தண்டனையில்லை, கை வேகம்தான் எல்லாம் என்ற பாடத்தை இந்தச் சின்ன வயதில் செஸ் அவனுக்குக் கற்றுக் கொடுக்கிறது.

அவனை 10+5க்கு மாற்றினோம். ரேட்டிங் ஒன்றும் பறந்துவிடவில்லை. ஆனால் தோற்ற ஆட்டத்தைத் திறந்து, "எந்த இடத்தில் போச்சு மாமா?" என்று கேட்கத் தொடங்கியிருக்கிறான். ரேட்டிங் ஏறுவதைவிட இதுவே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ரேட்டிங் பற்றியும் ஒரு வார்த்தை. லிசெஸில் எல்லோருக்கும் தொடக்கம் 1500. புல்லட், பிளிட்ஸ், ராபிட் ஒவ்வொன்றுக்கும் தனி எண். ஒரு தளத்தின் எண்ணை மற்றொரு தளத்துடனோ, பிடே ரேட்டிங்குடனோ ஒப்பிடுவதில் பொருளில்லை. அந்த எண்ணை மீட்கவென்று நள்ளிரவு தாண்டி விழித்திருப்பது வீண்.

நான் கடைப்பிடிக்கும் முறை எளிமையானது. ஆடுவது 3+2 அல்லது 10+5. தொடர்ந்து இரண்டு ஆட்டம் தோற்றால் அன்றைக்கு அவ்வளவுதான். ஒவ்வொரு ஆட்டத்திற்குப் பின்னும், எங்கே திரும்பியது என்று முதலில் நானே தேடுவேன். அதன் பிறகுதான் கம்ப்யூட்டர் அலசலைத் திறப்பேன். லிசெஸில் இந்த அலசல் முற்றிலும் இலவசம்.

இன்றிரவு நீங்கள் ஆட உட்காரும்போது, கூட்டல் குறிக்குப் பின்னால் என்ன எண் இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கிளிக் செய்யுங்கள். ஒரு வாரம் இப்படி ஆடிப் பாருங்களேன். ஏழாம் நாள், உங்கள் ஆட்டங்களில் ஒன்றையாவது அடுத்தவருக்குப் பலகையில் வைத்துக் காட்ட முடிகிறதா என்று சோதியுங்கள். முடிந்தால், நீங்கள் செஸ் ஆடியிருக்கிறீர்கள் என்று பொருள்.