தோட்டாவுக்கு வவுச்சர் எங்கே?

வங்கியில் நான் கிளார்க். கேஷ்ல பத்து ரூபா குறைஞ்சா கைக்காசைப் போட்டுட்டுத்தான் வீடு திரும்பணும்.

2015 ஏப்ரல் 7. செம்மரம் வெட்ட வந்தார்கள் என்று சேஷாசலம் காட்டில் ஆந்திர அதிரடிப்படை 20 தமிழ்க் கூலிகளைச் சுட்டுக் கொன்றது. அதில் எங்கள் ஜவ்வாது மலை ஆட்களும் உண்டு. அந்தத் தோட்டாவுக்குக் கணக்குக் கேட்டது யார்?

அரசியல் சட்டப் பிரிவு 203-ன்படி மானியக் கோரிக்கையைச் சட்டமன்றம் குறைக்கலாம், மறுக்கலாம். ஆனால் அந்தப் படைக்குப் பணம் ஒதுக்குவது ஆந்திர சட்டமன்றம். செத்தவனுக்கு ஓட்டு தமிழ்நாட்டில். ஓட்டில்லாதவனுக்காக அங்கே யார் வெட்டுத் தீர்மானம் கொண்டுவருவார்? பாராளுமன்றத்தில் கேட்டால், போலீஸ் மாநிலப் பட்டியல் என்று கைகழுவலாம்.

இரு மாநில உறுப்பினர்களும் உட்காரும் கண்காணிப்புக் குழு வேணும். படையின் செலவும் சூட்டுக் கணக்கும் அதன் மேசைக்கு வரணும்.

எங்க கவுண்டர்ல வவுச்சர் இல்லாம ஒத்த ரூபா போகாது. அங்கே போனது 20 உயிர்.