பதினோரு நாளில் கைமாறிய பந்தயக் குழு

டெலிவிஷனில் பார்முலா ஒன் கார்ப்பந்தயம் பார்க்கிறவர்களுக்கு, ஆஸ்டன் மார்ட்டின் என்ற பெயரில் ஓடும் இரண்டு பச்சைக் கார்கள் நன்றாகத் தெரிந்திருக்கும். அந்தக் குழுவின் இருப்பிடம் இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன் பந்தயப் பாதையின் வாசல் அருகே இருக்கிறது. 2018-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வரை அங்கே இருந்த குழுவுக்குப் பெயர் 'போர்ஸ் இந்தியா'. அதன் முதலாளிகளில் முக்கியமானவர் பெங்களூர் விஜய் மல்லையா. அதற்கும் முன்னால் 'ஜோர்டான்' என்ற பெயரில் அது இருந்தபோது, 2005-ல் அதன் காரை ஓட்டியவர் கோவை நாராயண் கார்த்திகேயன். பார்முலா ஒன்னில் கார் ஓட்டிய முதல் இந்தியர் அவரே.

ஆகவே அந்தக் குழு எப்படி நொடித்தது, அதன் சொத்துக்களைக் கொண்டு புதிய குழு ஒன்று எப்படிப் பிறந்தது என்ற கதை நமக்கு அயல்வீட்டுக் கதை அல்ல. பெங்களூரில் இருப்பவர்களுக்கு அதில் இன்னொரு கேள்வியும் உண்டு. கிங்பிஷர் விமானக் கம்பெனியும் அதே முதலாளியுடையதுதான். அந்த விமானங்கள் 2012 அக்டோபரில் நின்றன. மாதக்கணக்கில் சம்பளப் பாக்கியோடு சிப்பந்திகள் வீதிக்கு வந்தார்கள். பந்தயக் குழு நொடித்தபோது, அதில் வேலை பார்த்த 405 பேருடைய வேலையும் தப்பியது. ஒரே முதலாளி, இரண்டு கம்பெனி, இருவேறு முடிவு. இது எதனால்?

மாறிக்கொண்டே வந்த பெயர்ப்பலகை

எட்டி ஜோர்டான் என்பவர் தொடங்கிய இந்தக் குழு 1991-ல் பார்முலா ஒன்னுக்கு வந்தது. 2005-ல் அவர் அதை விற்றார். பெயர் 2006-ல் 'மிட்லண்டு' ஆயிற்று. பிறகு 'ஸ்பைக்கர்' ஆயிற்று. 2007 அக்டோபரில் மல்லையாவும் டச்சுக்காரரான மிகீல் மோலும் சேர்ந்து 8 கோடியே 80 லட்சம் யூரோவுக்கு வாங்கி, 2008 முதல் 'போர்ஸ் இந்தியா' என்று ஓட்டினார்கள். 2011-ல் சஹாரா நிறுவனம் 10 கோடி டாலர் போட்டுப் பங்குதாரராகச் சேர்ந்தது.

இத்தனை கை மாறியும் குழுவின் பந்தய உரிமைக்கு எந்தக் குறையும் வரவில்லை. காரணம், ஒவ்வொரு முறையும் விற்கப்பட்டவை கம்பெனியின் பங்குகள். முதலாளி மாறினார், பெயர்ப்பலகை மாறியது, கம்பெனி என்ற உடம்பு அப்படியே இருந்தது. பந்தயத்தில் கலந்துகொள்ளும் உரிமை அந்த உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது.

போர்ஸ் இந்தியா ஏனோதானோ என்று இருந்த குழுவும் அல்ல. 2009-ல் பெல்ஜியத்தில் ஸ்பா பந்தயத்தில் பிசிகெல்லா முதல் இடத்திலிருந்து கிளம்பி இரண்டாவதாக வந்தார். 2016-லும் 2017-லும் குழுக்களின் வரிசையில் அதற்கு 4-வது இடம். தன்னைவிடப் பல மடங்கு செலவு செய்த குழுக்கள் அதற்குப் பின்னால் நின்றன. ஒரு குறை மட்டும் சொல்லத்தான் வேண்டும்: இந்தியப் பெயரைச் சுமந்த அந்தக் காரில் ஒரு பந்தயத்திலாவது இந்தியர் ஒருவர் உட்காரவில்லை.

மனுப் போட்ட டிரைவர்

நொடிப்பு முதலாளிகளிடமிருந்து தொடங்கியது. சஹாராவின் சுப்ரதா ராய் 2014-ல் சிறைக்குப் போனார். மல்லையா 2016 மார்ச்சில் நாட்டை விட்டுப் போனார். அவருடைய சொத்துக்கள் கோர்ட்டு உத்தரவுகளால் முடங்கின. பணம் போட வேண்டியவர்களிடம் பணம் இல்லை, அல்லது இருந்தும் எடுக்க முடியவில்லை. மெர்சிடிஸ் கம்பெனிக்கு என்ஜின் பாக்கி. டிரைவர் செர்ஜியோ பெரெஸுக்குச் சம்பளப் பாக்கி மட்டும் பல லட்சம் டாலர்.

2018 ஜூலையில், கடன் கொடுத்த வேறொருவர் கம்பெனியைக் கலைத்துவிடக் கோரி மனுச் செய்திருந்தார். கலைப்பு என்றால் பூட்டுப் போட்டு, சாமான்களை ஏலம் விட்டு, வந்ததைப் பங்கிட்டுக் கொடுப்பது. அதைத் தடுக்க ஒரே வழி, யாராவது முந்திக்கொண்டு, கம்பெனியை ஓடும் நிலையிலேயே கோர்ட்டு நிர்வாகிகளிடம் ஒப்படைக்கும்படி கேட்பதுதான். அந்தக் காரியத்தைச் செய்தவர் பெரெஸ். தன் சொந்தக் குழுவின் மீது தானே நடவடிக்கை எடுத்தார். மெர்சிடிஸ் கம்பெனியும் விளம்பரதாரர் ஒருவரும் ஆதரித்தார்கள். குழுவில் இருந்த சிலரே தன்னைக் கேட்டுக்கொண்டதாகப் பின்னர் அவர் சொன்னார். ஜூலை 27-ந் தேதி, ஹங்கேரிப் பந்தயத்துக்காகக் கார்கள் பயிற்சி ஓட்டம் ஓடிய வெள்ளிக்கிழமை, லண்டன் ஐகோர்ட்டு நிர்வாகிகளை நியமித்தது.

ஆகஸ்டு 7-ந் தேதி, கனடா நாட்டுக் கோடீஸ்வரர் லாரன்ஸ் ஸ்ட்ரோல் தலைமையில் ஒரு கூட்டத்தார் குழுவை வாங்கப்போவதாக அறிவிப்பு வந்தது. கணக்குப் பார்த்தால் பதினோரு நாள். விலை சுமார் 9 கோடி பவுண்டு. கடன் கொடுத்தவர்கள் அனைவருக்கும் முழுப்பணமும் கிடைக்கும் என்று நிர்வாகிகள் சொன்னார்கள். போட்டிக்கு வந்த ரஷ்யாவின் உரால்காலி கம்பெனி, தங்களுக்கு நியாயம் செய்யவில்லை என்று கோர்ட்டுக்குப் போனது. 2020-ல் அந்த வழக்குத் தள்ளுபடி ஆயிற்று.

பங்கா, பண்டமா?

இவ்வளவும் சுமுகமாக முடிந்தது போலத் தோன்றும். சிக்கல் இதற்குப் பிறகுதான். பழைய வழக்கப்படி பங்குகளை வாங்குவதே ஸ்ட்ரோலின் எண்ணமாக இருந்தது. அந்தப் பங்குகளின் மேலே மல்லையாவுக்குக் கடன் கொடுத்த 13 இந்திய பாங்குகளின் பிடி இருந்தது. அவற்றின் சம்மதம் குறித்த நாளுக்குள் வரவில்லை.

பாங்குகளை இதற்காகக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது பொதுஜனங்கள் போட்ட பணம். ஒரு பாங்கு சரி என்று சொல்வதற்கே எத்தனை மேஜை தாண்ட வேண்டும் என்பது நமக்குத் தெரியும். பதின்மூன்றும் சேர்ந்து, அடுத்த பந்தயம் என்றைக்கு என்று பஞ்சாங்கம் பார்த்துக் கையெழுத்துப் போடுமா?

வேறு வழியில்லாமல் ஸ்ட்ரோல் பங்குகளை விட்டுவிட்டுப் பண்டங்களை வாங்கினார். கார்கள், கட்டிடம், இயந்திரங்கள், படங்கள், ஆட்களின் வேலை ஒப்பந்தங்கள் எல்லாம் வந்தன. கம்பெனி என்ற உடம்பு வரவில்லை. அதனால் பந்தய உரிமையும் வரவில்லை.

ரயில்வேயில் வேலை பார்க்கிறவனுக்கு இது சட்டென்று விளங்கும். பெட்டிகள் இருக்கலாம், என்ஜின் இருக்கலாம், டிரைவரும் கார்டும் தயாராக நிற்கலாம். கால அட்டவணையில் அந்த வண்டிக்கு இடம் இல்லை என்றால் சிக்னல் விழாது.

இரும்பை வாங்கியவர்கள்

இதற்கு முன்னால் இப்படிப் பண்டத்தை மட்டும் வாங்கியவர்களின் கதையைப் பார்த்தால் ஸ்ட்ரோல் எடுத்த துணிச்சல் புரியும். 2002 ஜனவரியில் பிரெஞ்சுக்காரர் அலன் புரோஸ்ட்டின் குழு கலைக்கப்பட்டது. 'பீனிக்ஸ்' என்ற பெயரில் ஒரு கம்பெனி அதன் சொத்துக்களை வாங்கி, மார்ச்சில் மலேசியப் பந்தயத்துக்கு வந்து நின்றது. சர்வதேசச் சம்மேளனம் அனுமதிக்க மறுத்தது. பழைய குழுவின் சாமானை வாங்கினால் பழைய குழுவின் உரிமை வந்துவிடாது என்பதே அதன் வாதம். பீனிக்ஸ் ஒரு பந்தயம்கூட ஓடவில்லை.

ஜப்பானியரான அகுரி சுசுகி வேறு மாதிரி முயன்றார். 2002-ல் நொடித்த ஆரோஸ் குழுவின் கார்களைத் தேடிப் பிடித்து, நான்கு வருடப் பழைய உடம்பில் ஹோண்டா என்ஜினைப் பொருத்தி, 2006-ல் பஹ்ரைனில் இறங்கினார். முதலில் அவருடைய விண்ணப்பமே ஏற்கப்படவில்லை. புதுக் குழுவானால் 4 கோடியே 80 லட்சம் டாலர் ஜாமீன் கட்ட வேண்டும் என்பது அப்போதைய விதி. அதைக் காட்டி, மற்றக் குழுக்களின் சம்மதத்தையும் வாங்கிய பிறகே இடம் கிடைத்தது. 2007-ல் கனடாவில் டக்குமா சாட்டோ உலக சாம்பியன் அலான்சோவையே முந்தி 6-வதாக வந்தபோது கூட்டம் எழுந்து நின்றது. மறுவருடம் மே மாதம் பணம் தீர்ந்து குழு மூடப்பட்டது.

மேனர் குழுவின் கதை இன்னும் பரிதாபம். அந்தக் குழு 2014-ல் நிர்வாகிகள் கைக்குப் போனது. ஆனால் அந்த வருடம் மொனாக்கோவில் இளைஞர் ஜூல்ஸ் பியாங்கி 9-வதாக வந்து சம்பாதித்த இரண்டே புள்ளிகளால் அதற்குப் பரிசுப்பணம் வரவேண்டியிருந்தது. அந்த வரவை நம்பித்தான் ஒருவர் காப்பாற்ற முன்வந்தார். 2015 மார்ச்சில் கார்கள் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தன. ஒரு சுற்றுகூட ஓடவில்லை. ஏலத்துக்கு விடுவதற்காகக் கம்ப்யூட்டர்களில் இருந்ததையெல்லாம் அழித்து வைத்திருந்தார்கள்! கார் இருந்தது, அதன் மூளை இல்லை. அடுத்த பந்தயத்திலிருந்து ஒருவழியாக ஓடினார்கள். 2016-ல் பிரேசிலில் சாபர் குழு 9-வது இடத்தில் வந்து இரண்டு புள்ளி எடுத்தது, மேனர் பத்தாவது இடத்திலிருந்து பதினோராவது இடத்துக்கு இறங்கியது, பரிசுப்பணம் போயிற்று. 2017 ஜனவரியில் மறுபடி நிர்வாகிகள் வந்தார்கள். இம்முறை வாங்க ஆள் இல்லை. இரண்டு புள்ளியில் பிழைத்த குழு இரண்டு புள்ளியில் முடிந்தது.

ஸ்பாவில் பூஜ்யம்

2018-ல் ஸ்ட்ரோலுக்குக் காலம் ஒன்றுதான் உதவியது. ஹங்கேரிக்கும் பெல்ஜியத்துக்கும் நடுவே நான்கு வாரக் கோடை விடுமுறை. ஆகஸ்டு 23-ந் தேதி, வியாழக்கிழமை, சம்மேளனம் தீர்ப்புச் சொன்னது. சஹாரா போர்ஸ் இந்தியா நீக்கப்படுகிறது. 'ரேசிங் பாயின்ட் போர்ஸ் இந்தியா' என்ற புதிய குழு சேர்த்துக்கொள்ளப்படுகிறது. பழைய குழு அந்த ஆண்டு எடுத்திருந்த 59 புள்ளிகளும் அதோடு போயின. டிரைவர்களின் சொந்தப் புள்ளிகள் மட்டும் அவர்களுக்கே இருந்தன.

இந்தக் குழுவுக்கும் ஸ்பாவுக்கும் ஏதோ பூர்வஜென்ம பந்தம் போலும். மைக்கேல் ஷூமாக்கர் முதன்முதலாக பார்முலா ஒன் ஓட்டியது 1991-ல் ஸ்பாவில், ஜோர்டான் காரில். ஜோர்டானின் முதல் வெற்றி 1998-ல் அங்கேதான். மூன்று நாள் வயதான புதுக் குழுவும் அங்கேயே இறங்கியது. தகுதிச் சுற்றில் ஒகோன் மூன்றாவது, பெரெஸ் நான்காவது. பந்தயத்தில் பெரெஸ் ஐந்தாவது, ஒகோன் ஆறாவது. ஒரே நாளில் 18 புள்ளி.

வருட முடிவில் புதுக் குழுவுக்கு 52 புள்ளி, 7-வது இடம். பழைய 59-ஐயும் சேர்த்திருந்தால் 111. ஹாஸ் குழுவின் 93-ஐத் தாண்டி 5-வது இடம் கிடைத்திருக்கும்.

புள்ளிகளைவிடப் பெரிய விஷயம் பணம். பார்முலா ஒன் வருமானத்தில் ஒரு பகுதி, மூன்று ஆண்டில் இரண்டு ஆண்டாவது முதல் பத்து இடத்துக்குள் வந்த குழுக்களுக்கே போகும். புதிதாகப் பிறந்த குழுவுக்குக் கணக்குப்படி அதில் ஒன்றும் இல்லை. அது இல்லாமல் குழுவை ஓட்டவும் முடியாது. எதிராளிகள் எல்லோரும் சம்மதித்தால்தான் பழைய குழுவின் பங்கு புதுக் குழுவுக்கு வரும்! அந்தப் பணத்தைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளக்கூடியவர்களிடமே போய்க் கையெழுத்துக் கேட்க வேண்டிய நிலை. சில குழுக்கள் தயங்கின, பிறகு இசைந்தன. 2016-ல் புதிதாக வந்து அந்தப் பணத்துக்காகக் காத்திருந்த ஹாஸ் குழுவுக்கு மட்டும் ஆறவில்லை. நவம்பரில் அபுதாபியில் முறையீடு செய்தது. இது பழைய குழு அல்ல என்பதைப் பந்தய நடுவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் முறையீட்டைத் தள்ளினார்கள். ஹாஸ் கேட்டது பொறாமை என்று சொல்லிவிட முடியாது. வாசல் வழியாக வந்தவன் வரிசையில் நிற்கும்போது, பக்கத்து ஜன்னல் வழியாக இன்னொருவனுக்கு டிக்கெட் கொடுத்தால் யார்தான் கேட்கமாட்டார்கள்?

நின்ற விமானங்கள்

ஆரம்பக் கேள்விக்கு வருவோம். கிங்பிஷர் நின்றபோது நம் நாட்டில் இன்றைய திவால் சட்டம் இல்லை. அது 2016-ல்தான் வந்தது. அந்தச் சட்டம் வந்த பிறகு ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. வாங்க ஆள் வந்தார்கள், 2021-ல் திட்டமும் அங்கீகாரம் பெற்றது, வழக்கும் வாய்தாவும் நடந்தன. 2024 நவம்பரில் கம்பெனியைக் கலைக்கும்படி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. ஐந்தரை ஆண்டு. அதற்குள் அதன் விமான நிலைய நேரங்கள் மற்றக் கம்பெனிகளுக்குப் போய்விட்டிருந்தன. விமானிகளும் மெக்கானிக்குகளும் வேறிடம் தேடிப் போய்விட்டார்கள்.

கார் பந்தயத்தில் நடந்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் பணத்தின் அளவில் இல்லை. சில்வர்ஸ்டோனில் கோர்ட்டு உள்ளே வந்தபோது கார் ஓடிக்கொண்டிருந்தது. நம் ஊரில் நின்ற பிறகு வருகிறார்கள். மேனர் குழுவின் அழிந்த கம்ப்யூட்டர்கள் போலத்தான் நின்ற விமானக் கம்பெனியும்.

இந்த அவசரத்துக்கு விலை இல்லாமல் இல்லை. ஒகோன் அந்த வருடத்தோடு இடம் இழந்தார்; 2019-ல் அவர் இருக்கையில் உட்கார்ந்தவர் புது முதலாளியின் மகன் லான்ஸ் ஸ்ட்ரோல். மனுப் போட்ட பெரெஸ் மேலும் இரண்டு வருடம் இருந்தார். 2020 செப்டம்பரில், அடுத்த ஆண்டு அவர் தேவையில்லை என்று குழு சொல்லிவிட்டது. டிசம்பர் 6-ந் தேதி பஹ்ரைனில், முதல் சுற்றில் இடிபட்டுக் கடைசிக்குப் போனவர், ஒவ்வொருவராகத் தாண்டி வந்து வெற்றி பெற்றார். சில்வர்ஸ்டோன் தொழிற்கூடத்துக்கு அது 2003-க்குப் பிறகு கிடைத்த முதல் வெற்றி. மறுவாரம் அபுதாபியில் அந்தக் காரைக் கடைசி முறையாக ஓட்டிவிட்டு இறங்கினார்.